பட்டும் பாகும் மல்லிகையும்: மைசூரின் அன்றாட இன்பங்களில் நம் பங்கு

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். "ஐயா, போன தடவை தலைக்காட்டுக் கோயில்களைப் பற்றி எழுதினீங்க. இந்தத் தடவை என்ன எழுதப் போறீங்க?" என்று தொலைபேசியில் கேட்ட தம்பியிடம், "சேலை, சோப்பு, தோசை" என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஐயா, இது ஆய்வு மலர்…" என்று தயங்கினார். "ஆய்வுதான் தம்பி, பயப்படாதீங்க" என்று சொல்லி வைத்தேன்.

நான் இப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. கோயமுத்தூரில் வாழும் என் மகள் சில மாதங்களுக்கு முன் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, நீங்களும் ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு. வீட்டை வித்துட்டு இங்கயே வந்துடுங்களேன். மைசூர்ல நமக்குன்னு என்ன இருக்கு?" பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. சொந்தக்காரர்கள் என்று பார்த்தால் பாதிப் பேர் போய்விட்டார்கள். அப்படியானால் என்னதான் இருக்கிறது? யோசித்துப் பார்த்தபோது, காலையில் கட்டிய வேட்டி முதல் இரவில் போட்ட வெற்றிலை வரை என் ஒரு நாள் முழுவதும் இந்த ஊரால் ஆகியிருக்கிறது என்பது புரிந்தது. இந்த அன்றாட இன்பங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் தமிழர்க்கும் ஒரு பங்கு உண்டு. மகளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே கட்டுரையாக எழுதுகிறேன்.

ஒரு தீயிலிருந்து தொடங்குவோம்

மைசூர் என்றதும் வெளியூர்க்காரர் கண்முன் வருவது அரண்மனை. நாம் இன்று காணும் அரண்மனை அவ்வளவு பழையது அன்று. 1897-ஆம் ஆண்டு இளவரசி ஜயலட்சும்மண்ணியின் திருமணத்தின்போது பழைய மர அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. புதிய அரண்மனையைக் கட்டும் பொறுப்பு ஹென்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் எழும்பூர் ரயில் நிலையத்திலும் இவருடைய கைவண்ணம் உண்டு. ஆக, எழும்பூரில் வண்டி ஏறி மைசூரில் வந்து இறங்கும் தமிழர், ஒரே மனிதரின் கற்பனையைப் பயணத்தின் இரு முனைகளிலும் பார்க்கிறார்.

புதிய அரண்மனை 1912-இல் நிறைவடைந்தது. ஏறத்தாழ நாற்பத்தொன்றரை லட்சம் ரூபாய் செலவானது. திருமண மண்டபத்தின் வார்ப்பிரும்புத் தூண்கள் கிளாஸ்கோ நகரிலிருந்து வந்தவை. அக்காலத்தில் அரண்மனை இருந்த திசையில்தான் ஊரின் ரசனையும் இருந்தது. அரசர் உடுத்தது, அரசர் உண்டது, அரசர் வீட்டில் தொங்கியது, இவையே உயர்ந்தவை என்று கருதப்பட்டன. அந்த இன்பங்கள் அரண்மனை மதிலைத் தாண்டிச் சாதாரண மனிதரின் வீட்டுக்கு எப்படி வந்தன என்பதே நாம் பார்க்க வேண்டிய செய்தி. என் கணிப்பில் அவை மூன்று வழியாக வந்தன: தொழிற்சாலை, சந்தை, ஓட்டல்.

இதற்கு முன் வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விடுமுறை நாள் மாலையில் அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நொடியில் எரியும்போது குழந்தைகள் போடும் கூச்சலை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்த வெளிச்சம் காவிரியிலிருந்து வந்தது. சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு வித்திட்டவர் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்; 1883 முதல் 1901 வரை மைசூரின் திவானாக இருந்தவர். 1902-இல் அந்த மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்த இடம் கோலார் தங்க வயல். அங்கே சுரங்கத்தின் ஆழத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். பெங்களூருக்கு 1905-இலும் மைசூருக்கு 1908-இலும் மின்விளக்கு வந்தது. அரண்மனை விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் அந்தச் சுரங்கத்து மனிதர்களை நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

உடை: ஒரே நிறத்தில் ஒரு பெருமை

என் அப்பா கும்பகோணத்துப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து ஐம்பதுகளில் ரயில்வே வேலைக்காக மைசூர் வந்தவர். அம்மா கல்யாணத்துக்குக் கட்டியது காஞ்சிப் பட்டு. அதன்பின் பதினைந்து வருஷம் பட்டு என்ற பேச்சே வீட்டில் இல்லை. ஒரு தீபாவளிக்கு அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போய் ஒரு மைசூர் பட்டு வாங்கிக் கொடுத்தார். மாம்பழ நிறம், சரிகைக் கரை. அம்மா பொட்டலத்தைப் பிரித்துக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, கனமே இல்லியே! பட்டுன்னா கையில விழணும்" என்றாள். அப்பாவின் முகம் சுருங்கிப் போனது இன்னும் நினைவிருக்கிறது.

அம்மா சொன்னதில் தொழில்நுட்பம் இருக்கிறது. காஞ்சிப் பட்டில் நூலை முதலிலேயே பசை நீக்கிச் சாயம் தோய்த்துவிட்டுப் பிறகு தறியில் ஏற்றுகிறார்கள். அதனால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்ய முடிகிறது. மைசூர் கிரேப் பட்டில் நூலை நன்றாக முறுக்கேற்றி வெள்ளையாகவே நெய்கிறார்கள். நெய்து முடித்த பிறகுதான் பசை நீக்கி, முழுச் சேலையையும் சாயத்தில் முக்குகிறார்கள். முறுக்கு கொஞ்சம் தளர்ந்து சுருங்குவதால் துணிக்கு அந்த வழுவழுப்பும் ஒழுக்கும் வருகின்றன. சேலை முழுவதும் ஒரே நிறமாக இருப்பதும் சரிகை மட்டும் பொன்னாக மின்னுவதும் இதனால்தான்.

இதன் வரலாறு நீண்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் திப்பு சுல்தான் வங்காளத்திலிருந்து பட்டுப்புழு வரவழைத்து மைசூர் நாட்டில் பட்டு வளர்ப்பைப் பரப்பினார். 1896-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானிய நிபுணர்களின் துணையோடு பெங்களூரில் பட்டுப் பண்ணை தொடங்கினார். 1912-இல், அரண்மனை கட்டி முடிந்த அதே ஆண்டில், நால்வடி கிருஷ்ணராஜ உடையார் சுவிட்சர்லாந்திலிருந்து தறிகளை வரவழைத்து மைசூரில் பட்டு நெசவாலையை நிறுவினார். தொடக்கத்தில் அரச குடும்பத்துக்கும் படையின் அலங்கார உடைக்கும் நெய்யப்பட்ட துணி, நாளடைவில் கடைக்கு வந்தது. அரசர் ஆட்சி முடிந்தபின் ஆலை அரசுடைமையாகி, 1980-இல் கர்நாடகப் பட்டுத் தொழிற்கழகத்தின் கைக்கு மாறியது. இன்று அங்கே நெய்யப்படும் ஒவ்வொரு சேலைக்கும் தனி எண் உண்டு. சரிகையில் 65 சதவீதம் வெள்ளியும் 0.65 சதவீதம் தங்கமும் இருப்பதாகக் கழகம் உறுதி தருகிறது. 2005-இல் மைசூர் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இங்கே நம்மவர்கள் பலர் அறியாத ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். காஞ்சிபுரத்துத் தறிகளில் ஏறும் பட்டு நூலில் பெரும்பகுதி காலங்காலமாகக் கர்நாடகத்திலிருந்து போவதுதான். மைசூர், ராமநகரம், கொள்ளேகால் வட்டாரங்களில் முசுக்கொட்டை இலை தின்று கூடு கட்டிய புழுவின் நூல்தான் பெருமளவில் காஞ்சியில் சேலையாகிறது. ஆகவே "காஞ்சி உசத்தியா, மைசூர் உசத்தியா?" என்று நம் வீட்டுப் பெண்கள் போடும் சண்டை, ஒரு தாயின் இரு பெண்களில் யார் அழகு என்று போடும் சண்டை போன்றது.

அம்மாவுக்கு அந்த மாம்பழச் சேலையின் அருமை பின்னால்தான் தெரிந்தது. ஒரு நாள் முழுக்கக் கல்யாண வீட்டில் அதைக் கட்டிக்கொண்டு வேலை செய்துவிட்டு வந்து, "கட்டியிருக்கிறதே தெரியலே!" என்றாள். அப்பாவுக்கு அன்றுதான் தீபாவளி.

மணம்: மரம் அரசுக்கு, வாசனை மக்களுக்கு

சந்தன மரத்தை 1792-இல் திப்பு சுல்தான் அரச மரம் என்று அறிவித்தார். அரச மரம் என்றால் பிள்ளையார் கோயில் அரசமரம் அன்று; அரசுக்கே சொந்தமான மரம். உன் கொல்லையில் தானாக முளைத்தாலும் அது உனக்கில்லை. உடையார் ஆட்சியிலும் அதன் பின்னர் வந்த அரசிலும் இந்த நிலையே நீடித்தது. 2001-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் கர்நாடகத்தில் சந்தன மரம் வளர்ப்பவருக்கே அதன் உரிமை வந்தது. அதற்கு முன் கொல்லையில் சந்தனக் கன்று முளைத்தால், "எதுக்கு வம்பு?" என்று பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு. வாசனைக்குப் பின்னால் இப்படி ஒரு அச்சமும் இருந்தது.

முதல் உலகப் போர் 1914-இல் மூண்டபோது ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்த மைசூர்ச் சந்தனக் கட்டைகள் தேங்கிப் போயின. கட்டையாக ஏற்றுமதி செய்து, எண்ணெயாக இறக்குமதி செய்துகொண்டிருந்த காலம் அது. திவான் சர் எம். விசுவேசுவரய்யாவும் தொழில்துறையைக் கவனித்த ஆல்பிரட் சாட்டர்ட்டனும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து வேதியியல் அறிஞர்களின் துணையோடு எண்ணெய் வடிக்கும் முறையை இங்கேயே கொண்டுவந்தார்கள். மைசூரில் சந்தன எண்ணெய்த் தொழிற்சாலையும், பெங்களூரில் அரசு சோப்புத் தொழிற்சாலையும் உருவாயின. சோப்புக் கலையைக் கற்க எஸ். ஜி. சாஸ்திரி என்னும் வேதியியலர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அவர் திரும்பி வந்து உருவாக்கியதுதான் நம் குளியலறைக்கு வந்த மைசூர் சாண்டல் சோப்பு. அதன் உறையில் யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபம் முத்திரையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

எங்கள் வீட்டில் அந்தச் சோப்பு ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மட்டும் பெட்டியைவிட்டு வெளியே வரும். கும்பகோணம் போகும்போது அம்மா கொண்டு போகும் சீர் மூன்று: சந்தன சோப்பு, ஊதுபத்தி, மைசூர்பாகு. ஊதுபத்தியும் இந்த ஊரின் பெரிய குடிசைத் தொழில். 1948-இல் என். ரங்கராவ் மைசூரில் தொடங்கிய நிறுவனத்தின் சைக்கிள் பத்தி இன்று எத்தனையோ நாடுகளுக்குப் போகிறது. மாவை மூங்கில் குச்சியில் உருட்டி உருட்டி இந்தத் தொழிலைத் தாங்கியவர்கள் வீட்டிலிருந்தபடியே வேலை செய்த ஏழைப் பெண்கள். அவர்கள் விரல் நுனியில் அந்தக் கறுப்பு போகவே போகாது.

மைசூர் மல்லிகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கே. எஸ். நரசிம்மசுவாமியின் புகழ்பெற்ற கன்னடக் கவிதைத் தொகுதிக்கே 'மைசூரு மல்லிகெ' என்றுதான் பெயர்; 1942-இல் வந்தது. கணவன் மனைவி அன்பைப் பாடும் நூல். தேவராஜ மார்க்கெட்டில் பூக்காரம்மா முழங்கையால் அளந்து தரும்போது, நாம் 'முழம்' என்கிறோம், அவர் 'மொள' என்கிறார். பூவின் நீளம் ஒன்றுதான்.

வீடு: சுவரில் இருப்பதும் வாசலில் இருப்பதும்

மைசூர் நகரின் வீடுகள் இவ்வளவு காற்றோட்டமாக இருப்பதற்கு ஒரு துயரம் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் பிளேக் நோய் இந்த ஊரைத் தாக்கியது. நெருக்கமான சந்துகளில் சாவு மிகுந்தது. அதன் விளைவாக 1903-இல் நகர மேம்பாட்டுக் குழு அமைக்கப்பட்டு, அகன்ற தெருக்களோடு புதிய குடியிருப்புகள் எழுந்தன. வாசலில் ஒரு திண்ணை, பக்கத்தில் ஒரு மல்லிகைக் கொடி, பின்னால் ஒரு தென்னை என்று இங்கே நடுத்தரக் குடும்பம் வாழ முடிந்தது இப்படித்தான்.

வீட்டின் உள்ளே வருவோம். தமிழ்நாட்டு வீடுகளில் தஞ்சாவூர் ஓவியம் தொங்குவதுபோல இங்கே மைசூர் ஓவியம் தொங்கும். இரண்டும் விசயநகரக் கலை மரபின் கிளைகள். தஞ்சை ஓவியத்தில் பூச்சு மேடு தூக்கலாக இருக்கும், கற்களும் கண்ணாடியும் பதிப்பார்கள். மைசூர் ஓவியத்தில் மேடு மெல்லியது, பொன் தாள் அடக்கமாக இருக்கும், கோடு நுண்மையானது. கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். இரு ஊர்ச் சேலைக்கும் உள்ள வேறுபாடும் இதேதான் என்பது கவனிக்கத்தக்கது.

நவராத்திரி வந்தால் இரண்டு மரபும் ஒரே படியில் உட்கார்ந்துவிடும். நம் கொலுவும் இவர்களின் 'கொம்பெ' வைக்கும் வழக்கமும் அக்கா தங்கை. இவர்கள் கொலுவில் அரசன் அரசி மரப்பாச்சியான 'பட்டத கொம்பெ' நடுநாயகம். எங்கள் வீட்டுக் கொலுவில் கும்பகோணத்துச் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் மைசூர் ராஜா ராணி நிற்பார்கள்.

மைசூரின் இன்னொரு பெருமை ஈட்டிமரத்தில் பதிப்பு வேலை. அரண்மனைக் கதவுகளில் காணலாம். முன்பு யானைத் தந்தத்தைப் பதித்தார்கள். தந்த வணிகம் தடைசெய்யப்பட்ட பிறகு பல நிற மரத் துண்டுகளையே செதுக்கிப் பதிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இந்தக் கைவேலையைச் செய்தவர்களில் இசுலாமியக் குடும்பங்கள் பல. சாய்பு ஒருவரிடம் அப்பா எங்கள் வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை செய்யச் சொன்னார். 'எழில் இல்லம்' என்று தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எழுத்தைப் பூவேலையைப் பார்ப்பதுபோல் பார்த்து அப்படியே பதித்தார். வேலை பிரமாதம், ஆனால் 'ழ'வின் வால் மட்டும் எதிர்ப் பக்கம் திரும்பியிருந்தது. அவர் பதறிப் போனார். "வேற செய்து தரேன் சாமி" என்றார். அப்பா சிரித்துவிட்டு, "இருக்கட்டும் பாய். ழகரம் எங்க ஆளுங்களுக்கே சரியா வராது" என்று வாங்கி வந்து வாசலில் மாட்டினார்.

உணவு: பெயர் எங்கே, ருசி எங்கே?

தமிழ்நாட்டு ஓட்டல் பலகையைப் பாருங்கள். மைசூர் போண்டா, மைசூர் ரசம், மைசூர் மசாலா தோசை, மைசூர்பாகு! மைசூரில் வாழும் நாம் போய் "ஒரு மைசூர் போண்டா" என்று கேட்டால் நமக்கே சிரிப்பு வரும். ஒரு ஊரின் பெயர் இன்னொரு மொழிக்காரரின் நாக்கில் இவ்வளவு இடம் பிடிப்பது சாதாரணம் அன்று.

மைசூர்பாகு, நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பா செய்தது என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கடலை மாவு, நெய், சர்க்கரை மூன்றே பொருள். பாகு பதம்தான் எல்லாம். 'பாக' என்ற சொல்லே அதைத்தான் குறிக்கிறது. கொதிக்கும் நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும்போது மாவு பொங்கி உள்ளே நுண்துளைகள் விழுகின்றன. அந்தத் துளைதான் வாயில் கரைகிற சுகம். மாதப்பாவின் வழிவந்தவர்கள் சயாஜிராவ் சாலையில் நடத்தும் குரு ஸ்வீட் மார்ட்டில் இன்றும் கூட்டம் குறையவில்லை. அரண்மனை அடுக்களையிலிருந்து தெருக்கடைக்கு வந்த இன்பத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இதே பண்டம் தமிழகம் சென்று வேறு உருவம் எடுத்தது. கோயமுத்தூரில் 1948-இல் என். கே. மகாதேவ ஐயர் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ், நெய் ஒழுகும் மிருதுவான 'மைசூர்பா'வைப் புகழ்பெறச் செய்தது. என் மகள் அதைத்தான் வாங்கி அனுப்புவாள். நான் இங்கிருந்து இதை அனுப்புவேன். இரண்டு பெட்டியும் நடுவழியில் எங்காவது சந்தித்துக்கொண்டால் என்ன பேசிக்கொள்ளுமோ!

2019 செப்டம்பரில் நடந்தது நினைவிருக்கலாம். மைசூர்பாகின் புவிசார் குறியீடு தமிழ்நாட்டுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று ஒருவர் வேடிக்கையாக எழுதியது உண்மைச் செய்திபோலப் பரவி, இரு மாநிலத்தவரும் சமூக ஊடகங்களில் மோதிக்கொண்டார்கள். கடைசியில் எல்லாம் கேலி என்று தெரிந்தது. ஆனால் ஒரு இனிப்புத் துண்டுக்கு இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது? ருசி என்பது நாக்கோடு நிற்பதில்லை. 'இது எங்களுடையது' என்ற உணர்வும் அதில் கலந்திருக்கிறது. அதைக் கேலி செய்துவிட முடியாது.

ஓட்டல் வழக்கமும் அப்படித்தான் இரு பக்கமும் பயணம் செய்தது. உடுப்பிப் பக்கத்துக் கிருஷ்ண ராவ் சென்னையில் 1938-இல் தொடங்கிய உட்லண்ட்ஸ், சீதாராம ராவின் தாசப்பிரகாஷ் ஆகியவை தமிழருக்கு வெளியே சாப்பிடும் மரியாதையைக் கற்றுக்கொடுத்தன. அதற்கு முன் 'கிளப்புக் கடைக்குப் போறான்' என்றால் வசவு. என் அப்பா மாதத்தில் ஒரு ஞாயிறு, சம்பளம் வந்த பிறகு, எங்களை மசாலா தோசைக்கு அழைத்துப் போவார். உள்ளே சிவப்புப் பூண்டுச் சட்னி தடவி, மேலே வெண்ணெய் உருகும். நான்கு பேருக்கு மூன்று தோசை. அம்மா, "எனக்குப் பசியில்லை" என்று சொல்லி எல்லோர் தட்டிலிருந்தும் ஓரத்தை மட்டும் எடுத்துக்கொள்வாள். அவளுக்கு உண்மையிலேயே ஓரம்தான் பிடிக்கும் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

1991: இன்பத்துக்கு வந்த சோதனை

இதுவரை இனிமையாகவே எழுதி வந்தேன். கசப்பையும் எழுதாவிட்டால் வரலாறு ஆகாது.

காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை 1991 ஜூனில் வந்தது. டிசம்பரில் அது அரசிதழில் வெளியானதும் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்மீது வன்முறை பாய்ந்தது. உயிர்கள் போயின. வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டி ஓடினர். அன்று மாலை அப்பா ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இருபது வருஷமாகத் தொங்கிய பெயர்ப்பலகையைத் தன் கையாலேயே கழற்றினார். ஒரு வார்த்தை பேசவில்லை. துணியில் சுற்றி அலமாரியின் அடியில் வைத்தார்.

பக்கத்து வீட்டு அஜ்ஜி சுவரின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சிறிது நேரத்தில் வந்து, கதவைத் தட்டி, "எல்லாரும் நம்ம மனெகெ பன்னி" என்றார். நம் வீட்டுக்கு வாருங்கள் என்று பொருள். இரண்டு இரவு அங்கே இருந்தோம். தெருவில் கூட்டம் வந்தபோது அஜ்ஜியின் மகன் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ஒளகெ யாரு?" என்று யாரோ அதட்டினார்கள். "நம்ம மனெ ஜன" என்றார் அவர், எங்கள் வீட்டு மனுஷர்கள் என்று. கூட்டம் போய்விட்டது. உள்ளே அஜ்ஜி எல்லோருக்கும் சூடாகச் சாறும் சோறும் போட்டார். அம்மா அவசரத்தில் எடுத்து வந்த பையைத் திறந்து பார்த்தோம். ரேஷன் கார்டு, அப்பாவின் ஓய்வூதியத் தாள்கள், அந்த மாம்பழ நிற மைசூர்ப் பட்டு. வேறொன்றும் இல்லை.

அதற்கு அடுத்த மாதம் உறவினர் பலர் ஊரைவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பயம் அவரவர் வயிற்றில் இருப்பது. பிற்பாடு 2016 செப்டம்பரிலும் தண்ணீரால் தகராறு மூண்டபோது என் மகள் இரவு முழுவதும் போன் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய கேள்விக்குப் பின்னால் இந்த இரண்டு நினைவுகளும் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும்.

முடிவாக

இந்த வரலாற்றிலிருந்து நாம் பெற வேண்டியது என்ன? மைசூரின் அழகிய வாழ்க்கை ஒரு மொழியினரால் மட்டும் உருவானதன்று. கன்னட அரசர், தமிழ் பேசிய திவான், தெலுங்கு மரபில் வந்த விசுவேசுவரய்யா, அயர்லாந்துக் கட்டடக் கலைஞர், இசுலாமிய மரவேலைக்காரர், உடுப்பி ஓட்டல்காரர், பத்தி உருட்டிய பெண்கள், சுரங்கத்துத் தமிழர் என்று எத்தனையோ பேர் இதில் கை வைத்திருக்கிறார்கள். ராமானுசர் வழியில் மேலுக்கோட்டையில் நூற்றாண்டுகளாக வாழும் மண்டயம் ஐயங்கார் வீடுகளில் இன்றும் ஒரு பழந்தமிழ் பேசப்படுகிறது. சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயண் மால்குடியை இந்த ஊரில் உட்கார்ந்துதான் எழுதினார். 2011-இல் இடிபடத் தொடங்கிய அவருடைய யாதவகிரி வீடு காப்பாற்றப்பட்டு, 2016-இல் நினைவகமானது. அவர் தமிழர் என்று சொல்லிச் சிலர் எதிர்த்ததும் உண்டு. ஆனாலும் வீடு நிற்கிறது.

நமக்குப் பங்கு உண்டு என்றால் பொறுப்பும் உண்டு. இங்கே வாழ்ந்து, இங்கே உண்டு, கன்னடம் நாலு வார்த்தை பேசத் தெரியாமல் இருப்பது நமக்கு அழகன்று. அதேபோல, வீட்டுக்குள் தமிழ் எழுத்து தெரியாமல் பிள்ளைகள் வளர்வதும் அழகன்று. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டுப் பட்டு, பொம்மை, பாத்திரம் இவற்றின் கதையைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். 2016-இல் தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பக்கம் இடிந்து விழுந்தபோதுதான், அந்தச் சந்தைக்குள் எங்கள் குடும்பத்தின் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன என்று நான் எண்ணிப் பார்த்தேன். அதுவரை எண்ணவே இல்லை.

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அஜ்ஜியும் இல்லை. மாம்பழச் சேலை மகளிடம் இருக்கிறது. கரை கொஞ்சம் நைந்திருக்கிறதாம். போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது துணிச் சுற்று கையில் தட்டுப்பட்டது. அஜ்ஜியின் மகனைக் கூப்பிட்டேன். அவருக்கும் என் வயது. இருவரும் பலகையைத் துடைத்து எண்ணெய் தடவினோம். அவரே ஒரு சின்னப் பலகையில் அதே பெயரைக் கன்னடத்தில் எழுதி வாங்கி வந்தார். இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வாசலில் மாட்டியிருக்கிறோம். கன்னடத்தில் 'ழ' கிடையாது, ஆகவே அங்கே 'எளில்' என்று இருக்கிறது. தமிழ்ப் பலகையில் வால் திரும்பிய 'ழ' அப்படியே இருக்கிறது.

படத்தை மகளுக்கு அனுப்பினேன். "அப்பா, ரெண்டுலயுமே ஸ்பெல்லிங் தப்பு" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "தசராவுக்கு வரேன். பாட்டி சேலையைக் கட்டிக்கிட்டு வரேன்."

மைசூரில் நமக்கென்று என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். அன்பர்கள் தசரா நாளில் அந்தப் பக்கம் வந்தால், வீட்டுக்கு வாருங்கள். காப்பி உண்டு, பாகும் உண்டு.